தங்க நாடோடிக் கூட்டத்தின் வெள்ளிக் காசுகள்: படித்துப் பார்த்துச் சேர்ப்பது எப்படி

செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சியின் வழிவந்தவர்கள் 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வோல்கா ஆற்றுப் படுகை, கிரீமியா, குவாரசம் ஆகிய பகுதிகளை ஆண்டார்கள். வரலாற்று நூல்களில் இந்த அரசுக்குத் தங்க நாடோடிக் கூட்டம் என்று பெயர். நிறுவியவர்கள் மங்கோலியர், சில தலைமுறைகளுக்குள் மக்களின் பேச்சு துருக்கியமாகவும், உஸ்பெக் கான் காலத்தில் அரசின் சமயம் இஸ்லாமாகவும் ஆகிவிட்டன. இவர்களின் வெள்ளிக் காசு தாங், செப்புக் காசு பூல்.

இந்தக் காசுகளில் அரசர் முகம் கிடையாது. வெள்ளியில் பெரும்பாலும் அரபு எழுத்துதான்: ஒரு பக்கம் கானின் பெயரும் பட்டமும், மறுபக்கம் அக்கசாலையின், அதாவது காசு அடித்த ஊரின், பெயரும் இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டும். ஒரு காசு அரிதானதா என்பதை முடிவு செய்வது இந்த மூன்றின் சேர்க்கை: எந்தக் கான், எந்த ஊர், எந்த ஆண்டு. ஜானி பெக் கானின் காசு ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. அதே கான் பெயரில் அதிகம் அடிக்காத ஓர் ஊரின் காசு வந்தால் பழைய சேகரிப்பாளர்களே போட்டி போடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே இந்தத் துறையில் பணம் செலவழிப்பதற்கு முன்னால் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாதவர் விற்பவரின் சீட்டைத்தான் வாங்குகிறார், காசை வாங்குவதில்லை.

முதலில் தெரிய வேண்டிய காலவரிசை

தொடக்க காலக் காசுகள் வோல்கா பல்கார் பகுதியில் அடிக்கப்பட்டவை. அவற்றில் பாக்தாத் கலீஃபா அந்-நாசிரின் பெயரும், பிறகு பெருங்கான் மோங்கேயின் பெயரும் வருகின்றன. தன் பெயரைத் தானே பொறித்த முதல் கான் மெங்கு திமூர் (ஆட்சி 1266 முதல்). இந்தக் காலத்துக் காசுகளில் எழுத்து தேய்ந்திருக்கும், பலவற்றில் ஆண்டு இருக்காது. புதிதாகத் தொடங்குபவர் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

உங்கள் களம் தோக்தா கானின் சீர்திருத்தத்தில் தொடங்குகிறது. ஹிஜ்ரி 710இல் (கி.பி. 1310-11) அவர் வெள்ளிக் காசின் எடையைச் சுமார் 1.5 கிராமாக நிலைப்படுத்தினார். அடுத்து உஸ்பெக் கான் (1313-1341), ஜானி பெக் (1342-1357), பெர்டி பெக் (1357-1359). இவர்கள் காலத்துக் காசுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், எழுத்தும் தெளிவு. உஸ்பெக் கானின் அவையை நேரில் பார்த்து எழுதிய இப்னு பதூதா பின்னாளில் மதுரை சுல்தான்களிடமும் வந்தவர். மதுரை சுல்தானகக் காசுகளை ஏற்கெனவே சேர்ப்பவர்களுக்கு இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நல்ல காரணம் இருக்கிறது.

1359இல் பெர்டி பெக் போனதும் குழப்பம். அடுத்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கான் பட்டம் கேட்டு எழுந்தார்கள்; சிலர் சில மாதங்களே நீடித்தார்கள். காசுகள் இந்த அரசியலை அப்படியே காட்டுகின்றன. ஹிஜ்ரி 773இல் துலுன்பெக் என்ற அரசியின் பெயரில் அடித்த காசுகள் உண்டு, அவை உண்மையிலேயே அரிதானவை. இந்தக் காலத்தில் கிஸ்ர் கான் குலிஸ்தான் நகரில் அடித்த 762ஆம் ஆண்டுக் காசு எளிதாகக் கிடைக்கும். குழப்பக் காலத்துக்கு ஒரு நல்ல முதல் மாதிரி அதுவே.

தோக்தாமிஷ் கான் ஹிஜ்ரி 782இல் (1380) எடையைச் சுமார் 1.4 கிராமாகக் குறைத்துப் புதிய காசு அடித்தார். 1395இல் தைமூர் படையெடுத்து சராய், அசாக், ஹாஜி தர்கான் நகரங்களை அழித்தார். 15ஆம் நூற்றாண்டில் எடை படிப்படியாக இறங்கி 1 கிராமுக்கும் கீழே போனது; எழுத்தும் சிதைந்தது. கிரீமியாவில் ஹாஜி கிராய் ஹிஜ்ரி 845இல் (1441) தனியாகக் காசு அடிக்கத் தொடங்கினார். மூன்று பல் சீப்பு வடிவக் குலச்சின்னத்தைப் பார்த்தால் அது கிராய் வம்சத்துக் காசு.

முதல் பத்துக் காசுகளை ஜானி பெக், தோக்தாமிஷ் இருவரிடமிருந்து மட்டும் எடுங்கள். ஒரே கான், ஒரே ஊர், வெவ்வேறு ஆண்டு என்று ஐந்து காசுகளை அருகருகே வைத்தால் எது பெயர், எது ஊர், எது எண் என்று கண் தானாகப் பிரித்துவிடும். வெவ்வேறு கான்களில் ஒவ்வொன்றாக வாங்கிக் குவிப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

மேசையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பதே போதும். 0.001 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, 0.01 தராசு எடை பார்க்கப் போதுமென்றாலும் அடர்த்திச் சோதனைக்கு ஆகாது, காரணம் கீழே. வெர்னியர் காலிப்பர், முனைகள் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்று. கையுறையைவிடக் கழுவி உலர்த்திய கைகள் மேல்: 1.4 கிராம் காசு பருத்திக் கையுறையிலிருந்து எளிதில் நழுவும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறை

குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்கு எழுத்துகள் முன்பே பழக்கம் என்பதால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: காசில் புள்ளிகள் பெரும்பாலும் இல்லை. ‘ரே’யும் ‘ஸே’யும் ஒன்றுபோல நிற்கும், ‘பே’, ‘தே’, ‘நூன்’, ‘யே’ எல்லாம் ஒரே பல்லாகத் தெரியும். அச்சு செதுக்கியவர் புள்ளி வைத்திருந்தாலும் அது அலங்காரப் புள்ளியா எழுத்துப் புள்ளியா என்று சொல்வது கடினம். எழுத்துக் கூட்டிப் படிக்க முயலாமல், சொல்லின் மொத்த உருவத்தை அடையாளம் காணப் பழகுங்கள்.

அரபு அறியாதவர்கள் முழு மொழியையும் கற்க வேண்டியதில்லை. தாங்கில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பதினைந்துக்குள் அடங்கும். பெயர்ப் பக்கத்தில் ‘அஸ்-சுல்தான் அல்-ஆதில்’, அதன் கீழ் கானின் பெயர், ‘கான்’, சிலவற்றில் ‘ஆட்சி நீடிக்கட்டும்’ என்ற வாழ்த்து. ஊர்ப் பக்கத்தில் ‘ஸர்ப்’, அதாவது அடித்தது, பிறகு ஊர், பிறகு ஆண்டு. இந்தச் சொற்களைக் காகிதத்தில் பெரிதாக எழுதி, புள்ளிகளை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் பத்து முறை வரைந்து பாருங்கள். கை பழகினால் கண்ணும் பழகும்.

ஊர்ப் பெயர்களைப் பிரிக்கச் செங்குத்துக் கோடுகளை எண்ணுவது நல்ல வழி. அசாக்கில் இரண்டு நெட்டுக் கோடுகள், சொல் குட்டையானது. கிரிம் என்ற கிரீமிய அக்கசாலையின் பெயரில் நெட்டுக் கோடு இல்லை. சராய் சிறு பற்களில் தொடங்கி நீண்ட வளைவில் முடியும். அதற்குப் பின் ‘அல்-ஜதீத்’ வந்தால் புதிய சராய், ‘அல்-மஹ்ரூசா’ வந்தால் வேறு வகை. குலிஸ்தான் நீளமான சொல், நடுவே பல் வரிசையும் இறுதிக்கு முன் நெட்டுக் கோடும். இவற்றோடு பல்கார், குவாரசம், ஹாஜி தர்கான், மஜார், முக்ஷி, உகேக், நடமாடும் முகாமான ஓர்டு ஆகியவையும் வரும். தோக்தாமிஷ் பெயரில் காகசஸ் பக்கத்து பாகு, ஷெமாகா, தர்பந்த் காசுகளும் உண்டு. அவை விலை கூடியவை.

இப்போது ஆண்டு. 14ஆம் நூற்றாண்டின் காசுகள் ஏறக்குறைய எல்லாமே 7இல் தொடங்கும், ஏனெனில் ஹிஜ்ரி 700 முதல் 799 வரை கி.பி. 1300 முதல் 1397 வரை. 7 என்பது ஆங்கில வி வடிவம், 8 அதன் கவிழ்ந்த வடிவம். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்: காசைத் தலைகீழாகப் பிடித்தால் 7 எட்டாகவும் 8 ஏழாகவும் மாறி, இலக்க வரிசையும் திரும்பிவிடும். ஆகவே முதலில் ஊர்ப் பெயரை நேராக நிறுத்துங்கள், அதன்பிறகே எண்ணைப் படியுங்கள். 4, 5 இரண்டும் இன்றைய அரபு, பாரசீக வடிவங்களிலிருந்து மாறியிருக்கும். 2, 3 இரண்டுக்கும் வித்தியாசம் மேலே உள்ள ஒரு பல் மட்டுமே. தேய்ந்த காசில் அந்தப் பல் போயிருந்தால் ‘722 அல்லது 723’ என்று இரண்டையும் சீட்டில் எழுதிவையுங்கள், விருப்பமானதை முடிவு செய்யாதீர்கள். சில அச்சுகளில் எண் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறிச் செதுக்கப்பட்டிருக்கும்; 7 வலது ஓரத்தில் நின்று மற்ற எழுத்துகள் நேராக இருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

ஹிஜ்ரியை கி.பி.க்கு மாற்ற 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் போதும்: 782 × 0.97 = 758.5, கூட்டினால் 1380.5. ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் பரவுவதால் துல்லியமாக வேண்டுமானால் நாட்காட்டி அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்றால் விளக்கைத் தாழ்த்துங்கள். மேசை மட்டத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி கோணத்தில் ஒளி பட்டால் மேடு பள்ளம் எழும்பும். காசை அசைக்காமல் விளக்கை எட்டுத் திசைகளில் நகர்த்தி எட்டுப் படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத கோடு இன்னொன்றில் வரும். அச்சு, காசாக அடிக்கும் வெறும் உலோகத் துண்டான வில்லையைவிடப் பெரியது. எந்த ஒரு காசிலும் அச்சின் முழு உருவம் விழுந்திருக்காது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளின் படங்களைச் சேர்த்தால் ஒன்றில் விடுபட்ட ஆண்டு மற்றொன்றில் கிடைக்கும். ஸெனோ என்ற கீழை நாணயங்களின் இணையப் படத்தொகுப்பு இதற்கு மிகவும் பயன்படும். படங்களை ஏற்றுவோர் சேகரிப்பாளர்களே, தவறான அடையாளங்களும் இருக்கலாம். ஒரே வகையின் நான்கைந்து படங்களையாவது ஒப்பிடுங்கள்.

எடை சொல்வது

உஸ்பெக் கானின் காசு 1.40 கிராம் மட்டுமே இருந்தால் உடனே போலி என்று தள்ள வேண்டாம். 1380இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு பழைய கனமான காசுகளின் ஓரத்தை வெட்டிப் புதிய எடைக்குக் கொண்டுவந்து புழக்கத்தில் விட்டார்கள். இப்படி வெட்டிய காசுகள் புதையல்களில் கிடைக்கின்றன. லென்ஸில் விளிம்பைப் பாருங்கள்: பழைய வெட்டு மழுங்கியும், மேற்பரப்பின் நிறத்திலேயும் இருக்கும். வெட்டு பளபளத்தால் அது நேற்றைய வேலை.

குவாரசக் காசுகள் வேறு எடை வழக்கில் அடிக்கப்பட்டவை; உஸ்பெக், ஜானி பெக் காலத்தில் மற்ற அக்கசாலைகளின் தாங்கைவிடக் கனமானவை. வோல்காக் கணக்கை வைத்து அவற்றை அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சில காசுகளில் பிற்காலத்தில் குத்திய சிறு முத்திரை இருக்கும்: ‘கான்’ என்றோ ‘ஆதில்’ என்றோ ஒரு சொல், அல்லது ஒரு குலச்சின்னம். சிலர் இதைக் குறையாக நினைத்து விலை குறைப்பார்கள். பழைய காசை மீண்டும் செல்லுபடியாக்கியதற்கு அது நேரடிச் சாட்சி, எனக்கு அப்படிப்பட்டதைத் தனித் தொகுப்பாகச் சேர்ப்பதே பிடிக்கும்.

அடர்த்திச் சோதனை

இந்தச் சோதனை காசுக்கு எந்தக் கேடும் செய்யாது. சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு, 15 மில்லி போல, காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தராசில் வையுங்கள். 0.001 தராசுகள் பலவும் 20 அல்லது 50 கிராமுக்கு மேல் தாங்காது என்பதால் கண்ணாடி டம்ளர் வேண்டாம். தராசைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய நீரின் எடை. காசின் உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

காசு 1.410 கிராம், தராசு 0.136 காட்டுகிறது என்றால் 10.37. தூய வெள்ளி 10.5, செம்பு 8.9, சிறிது செம்பு கலந்த நல்ல வெள்ளிக்கு இது பொருந்தும். அதே காசில் 0.158 காட்டினால் 8.92, அதாவது வெள்ளி முலாம் பூசிய செம்பு. இப்போது 0.01 தராசின் சிக்கலைப் பாருங்கள்: அதன் பிழை 0.01 கிராம் என்று வைத்தால், 0.136 என்பது 0.126 ஆனால் 11.2, 0.146 ஆனால் 9.7. ஈயத்திலிருந்து மட்ட வெள்ளி வரை எதுவும் சாத்தியம் என்றாகிவிடும். காசு சிறியதாக இருப்பதால் வரும் பிழை இது.

மற்ற தவறுகள்: மேற்பரப்பில் ஒட்டிய காற்றுக் குமிழ்கள் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டு மென்மையான தூரிகையால் தடவி விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். மண்ணில் கிடந்து உள்ளே அரித்த காசு குறைவாகவே காட்டும். வெடிப்பும் துளையும் உள்ள காசுக்கு இந்தச் சோதனை தீர்ப்பு சொல்லாது. நல்ல வெள்ளியிலேயே புதிதாக அடித்த போலியும் இதில் தேறிவிடும்.

போலிகள்

மூன்று வகையை ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அந்தக் காலத்திலேயே கள்ளத்தனமாகச் செய்த முலாம் காசுகளும், எல்லைப்புற ஊர்களில் எழுத்து புரியாமல் பார்த்து அடித்த நகல்களும் வரலாற்றுப் பொருள்களே. அவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. எடுத்துக்காட்டாக, மாஸ்கோ இளவரசர் திமித்ரி தோன்ஸ்காயின் தெங்கா என்ற வெள்ளிக் காசின் ஒரு பக்கத்தில் தோக்தாமிஷின் பெயர் அரபு எழுத்தில் வருகிறது. ஆபத்து என்னவென்றால், சிதைந்த எழுத்து நகல் ஒன்றை ‘இதுவரை அறியப்படாத கான்’ என்று பெயர் வைத்து விற்பது. பெயரைப் படிக்க முடியாத காசுக்குப் புதிய கான் விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை இன்றைய போலி. வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்ததுபோல மழுங்கியிருக்கும், சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடம் இருக்கும். சுத்தியால் அடித்த உண்மைக் காசில் விளிம்பு வெடிப்பு உள்நோக்கிக் கூர்மையாக ஓடும். வார்ப்பில் அந்த வெடிப்பின் அடி மூடி உருண்டிருக்கும். லென்ஸை வெடிப்பின் மேல் வைத்துப் பார்ப்பதே என் கணக்கில் மிக விரைவான சோதனை. வார்ப்புப் போலியைப் பிடிக்க இன்னொரு வழி ஒப்பீடு: இரண்டு காசுகளில் வில்லையின் உருவமும், மையம் விலகிய அளவும், வெடிப்பும் எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்காசின் குட்டிகள். கையால் அடித்த உண்மைக் காசுகளில் அச்சு ஒன்றாக இருக்கலாம், வில்லை ஒருபோதும் ஒன்றாக இருக்காது.

செப்புக் காசுகள்

பூல்களில் பெரும்பாலும் கான் பெயர் இல்லை. ஆனால் வெள்ளியில் இல்லாத உருவங்கள் இங்கேதான்: சிங்கமும் அதன் முதுகுக்கு மேல் சூரியனும் கொண்ட சராய் 737ஆம் ஆண்டுப் பூல், ரோஜா இதழ் வட்டம் கொண்ட புதிய சராய் பூல், இரட்டைத் தலைக் கழுகு. கடைசியதை ரஷ்ய அரசுச் சின்னத்தோடு முடிச்சுப் போட்டு விலை ஏற்றுவார்கள். அது பரவலாகக் கிடைக்கும் காசு.

சில பூல்களில் பதினாறு பூல் ஒரு தாங் என்று மாற்று விகிதமே எழுதியிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் வணிகர் பெகொலோத்தி, அசாக்கை ஒட்டிய தானா சந்தையைப் பற்றி எழுதும்போதும் இதே 16 என்ற எண்ணைத் தருகிறார். இந்தச் செம்பு பெரிய வியாபாரத்தில் செல்லாது, கீரை போன்ற சில்லறைப் பொருளுக்கே என்றும் சொல்கிறார். ஒரு வெள்ளிக் கட்டியிலிருந்து அக்கசாலை 202 காசு அடித்து, கொண்டுவந்தவருக்கு 190 கொடுத்து, மீதியைக் கூலியும் லாபமுமாக வைத்துக்கொண்டது என்பதும் அவர் தரும் தகவல். கையில் இருக்கும் காசும் சந்தைக் குறிப்பும் இவ்வளவு நெருங்கிப் பொருந்துவது இடைக்கால நாணயங்களில் அடிக்கடி அமையாது.

பூல் விலை குறைவு என்பதால் பயிற்சிக்கு நல்லது. கூடுமானவரை தொகுதியாக வாங்கிப் பிரித்துப் படியுங்கள்.

வாங்கும்போது

ஏலப் பட்டியல்களில் ‘ஏ’ எழுத்தோடு வரும் எண் ஸ்டீபன் ஆல்பம் தொகுத்த இஸ்லாமிய நாணயப் பட்டியலின் எண். அதில் மிகச் சாதாரணம் முதல் மூன்று ‘ஆர்’ வரை அரிதுத் தரம் உண்டு. அந்தத் தரம் வகைக்கு உரியது, ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டுக்கும் உரியதல்ல. சாதாரண வகைக்குள் அரிதான ஊர் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். படிக்கத் தெரிந்தவருக்கு நியாயமான விலையில் நல்ல காசு கிடைப்பதும் இங்கேதான்.

சாதாரணத் தாங் சில பத்து டாலரில் முடியும். ஏலத்தில் அடித்த விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணம் சேரும், 20 சதவீதம் அளவில் இருப்பது வழக்கம். அஞ்சல், காப்பீடு, சுங்கம் தனி. மலிவான ஒரே காசுக்கு இந்தச் செலவு காசின் விலையையே தாண்டும். ஐந்தாறு காசுகளைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பச் சொல்லுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நாணயங்களை ஏற்பதில்லை, ஏற்றாலும் காப்பீடு தருவதில்லை. அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் கடமை. ரஷ்யாவில் அரசு உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 2013இல் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. வோல்கா கரையிலும் கிரீமியாவிலும் திருட்டுத் தோண்டலால் நகரச் சுவடுகள் சல்லடையாகிவிட்டன. புதையலின் ஒரு காசு பிரிந்து போனால், எந்தக் காசுகள் சேர்ந்து புழங்கின என்ற தகவல் திரும்பி வராது. மண் ஒட்டிய, ‘இப்போதுதான் கிடைத்தது’ என்று விற்கும் காசைத் தவிருங்கள். பழைய ஏலப் பட்டியலில் படம் இருக்கும் காசுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

இந்தியாவில் வசிப்பவர்கள் கவனிக்க: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தில் நூறு ஆண்டைக் கடந்த நாணயமும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகிறது, தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த காசைப் பின்னால் அங்கே ஏலத்துக்கோ சான்றிதழுக்கோ அனுப்பத் திட்டமிட்டால், இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறக்குமதியில் நாணயச் சேகரிப்புப் பொருள்களுக்குரிய சுங்கத் தலைப்பு 9705. விற்பவர் ‘அன்பளிப்பு’ என்று எழுதிக் குறைந்த விலை காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பொட்டலம் சுங்கத்தில் நின்றால் பொறுப்பு பெறுபவருடையது, தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்கே.

வைத்துக் காப்பது

நம் வீடுகளில் வெள்ளி விளக்குக்கு விபூதி, செம்புக் குடத்துக்குப் புளி. காசுக்கு இரண்டும் கூடாது. விபூதி மேற்பரப்பைத் தேய்த்து மயிரிழைக் கோடுகள் போடும். புளியின் அமிலம் செப்புக் காசின் களிம்பை உரித்துவிடும், எழுத்தின் ஓரம் அந்தக் களிம்பிலேயே நிற்பதால் எழுத்தும் போகும். வெள்ளியின் சாம்பல் நிறத்தை அப்படியே விடுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தொடுங்கள். பிளாஸ்டிக் உறையின் பிசுக்கு இருந்தால் தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் கழுவுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும்.

செப்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் இது வேகமாகப் பரவும். அந்தக் காசை உடனே தனியே பிரித்து வையுங்கள். சோடியம் செஸ்குவிகார்பனேட்டை லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 50 கிராம் கலந்து அதில் ஊறவையுங்கள், வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். இதற்குப் பல வாரங்கள் ஆகும், களிம்பின் நிறமும் சற்று மாறலாம். பிறகு சில நாள் வடித்த நீரில் கழுவி, அசிட்டோனில் தோய்த்து உலர்த்தி, ஒரு மாதம் தனியே வைத்துக் கவனியுங்கள். மீண்டும் தூள் வந்தால் பணி முடியவில்லை.

உறை பாலியஸ்டர் வகையாக இருக்கட்டும். வளைத்தால் மெத்தென்று இருக்கும் பிவிசி உறை ஓரிரு ஆண்டில் பச்சைப் பிசின் கக்கும். மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பிளைவுட் அலமாரி வேண்டாம், அதன் பசையிலிருந்து வரும் ஆவி ஈயத்தையும் செம்பையும் கெடுக்கும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு: கான், ஊர், ஆண்டு, 0.01 கிராம் வரை எடை, இரண்டு திசைக் குறுக்களவு, இரு பக்க எழுத்துகளுக்கும் இடையே உள்ள கோணம், ஆல்பம் எண், வாங்கிய நாள், விலை, விற்றவர், அதற்கு முந்தைய உரிமையாளர் தெரிந்தால் அவரும். படித்த எழுத்தையும் ஊகித்த எழுத்தையும் வேறு மையில் எழுதுங்கள். ரசீதையும் சுங்கத் தாளையும் படமெடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். படிக்க முடியாத காசுகளைத் தனித் தட்டில் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்குள் வேறு காசுகளில் பழகிய கண்ணுக்கு, முன்பு வெறும் கோடாகத் தெரிந்தது ஊர்ப் பெயராகத் தெரிவது அடிக்கடி நடக்கும்.